காணாப் பரிமாணங்களின் நிழல்கள்

(கோத்தா திங்கியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜொகூர் ஆற்றின் கரையில், ஒரு காலத்தில் ஜொகூர் சுல்தான்களின் தலைநகராக விளங்கியதும், பிற்காலத்தில் பால்மரத் தோட்டங்களாலும் செம்பனைக் காடுகளாலும் சூழப்பெற்று நம் முன்னோரின் உழைப்பையும் உண்டு வளர்ந்ததுமாகிய இந்த நகரில், கணித சாஸ்திரத்தைப் பற்றிக் கேட்பதற்கென்றே இத்தனை பேர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி வந்திருப்பதைக் காணும்போது என் உள்ளம் நிறைகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நிழல். கம்பத்தின் நிழலில் தொடங்கி, நம் கண்கள் ஒருபோதும் காண முடியாத நான்காவது பரிமாணத்துப் பொருள்களின் நிழல் வரையிலும், அங்கிருந்து திரும்பி மருத்துவமனையில் நோயாளியின் உடலுக்குள் விழும் நிழல் வரையிலும் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று பரிமாணங்களுக்குள்ளேயே நாம் பிறந்து, நடந்து, வீடு கட்டி, வாழ்ந்து முடிக்கிறோம். அப்படியிருக்க, நான்கு பரிமாணம் உண்டு, ஐந்து உண்டு, நூறும் உண்டு என்று கணித சாஸ்திரிகள் பேசுகிறார்களே, அதை நாம் எப்படி நம்புவது? கண்ணால் காணாததை எப்படி அறிவது? இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. நேரே காண்பது பிரத்தியட்சம். கண்டதைக் கொண்டு காணாததை முறைப்படி உணர்வது அனுமானம். இரண்டுமே அறிவுக்குரிய பிரமாணங்கள் என்று நம் தருக்க நூலோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்தார்கள். நிழலைக் கண்டு பொருளை உணர்வது அத்தகைய அனுமானம். அந்த அனுமானத்தின் விதிகள் யாவை, அதன் வலிமை எவ்வளவு, அதன் எல்லை எது என்பதே இன்றைய பேச்சின் சாரம்.

முதலில் நம் ஊர் வெயிலிலிருந்தே தொடங்குவோம்.

கோத்தா திங்கி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1 பாகை 44 கலைத் தொலைவில் அமைந்திருக்கிறது. ஆகையால் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் மாதம் 24, 25ஆம் தேதிகளை ஒட்டியும் செப்டம்பர் மாதம் 18, 19ஆம் தேதிகளை ஒட்டியும், சூரியன் நண்பகலில் இவ்வூரின் நேர் உச்சிக்கு வருகிறான். நண்பகல் என்றதும் பன்னிரண்டு மணியை எண்ணிவிடாதீர்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டதால், இங்கே உச்சிவேளை பிற்பகல் ஒரு மணியை ஒட்டியே வரும். அந்த நேரத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள கம்பைச் செங்குத்தாக நட்டுப் பார்த்தால், அதற்கு நிழலே இராது. அதே கம்பு ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நிழலையும், டிசம்பர் 22ஆம் தேதி நண்பகலில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் நிழலையும் வீழ்த்தும். தஞ்சாவூரில் அதே கம்பை நட்டால் ஜூனில் தெற்கே 22 சென்டிமீட்டரும் டிசம்பரில் வடக்கே 68 சென்டிமீட்டரும் வரும். கம்பு ஒன்று, சூரியன் ஒன்று, ஊர் மாறியதும் நிழல் மாறுகிறது. அப்படியானால், நிழலை மட்டும் அளந்தே நாம் பூமியின்மேல் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம் அன்றோ? கணிதம் தெரிந்தவன் சொல்லிவிடுவான்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு பேச்சு நம் மக்களிடையே நெடுங்காலமாக உலவுகிறது. காலையிலும் மாலையிலும் அந்த விமானத்தின் நிழல் தரையில் நீண்டு கிடப்பதை அங்கே போகும் எவரும் கண்ணாரக் காணலாம். சூரியன் உச்சியை நெருங்கும் மாதங்களில், அடி அகன்று நுனி குறுகிய அந்த விமானத்தின் நண்பகல் நிழல் அதன் அடிப்பீடத்தின் மீதே அடங்கிவிடுகிறது என்பதே இதிலுள்ள உண்மை. இராஜராஜனின் சிற்பிகளுடைய பெருமைக்கு அற்புதக் கதைகள் வேண்டியதில்லை. அவர்கள் கல்லில் செய்து காட்டிய வடிவக் கணிதமே போதிய பெருமை.

இனி அந்த நிழலில்லா நண்பகலைச் சற்றே உற்று நோக்குவோம். ஒரு மீட்டர் கம்பு அங்கேதான் நிற்கிறது. அதன் நீளம் எங்கே போயிற்று? ஒளி எந்தத் திசையில் பாய்கிறதோ, அதே திசையில் கம்பும் நிற்கிறது. ஆகவே அதன் நீளம் முழுவதும் ஒரு புள்ளிக்குள் ஒடுங்கிவிட்டது. இதுவே நிழலின் முதல் விதி. ஒளி பாயும் திசையை நிழல் விழுங்கிவிடும். மற்றத் திசைகளைக் காப்பாற்றி வைக்கும். மூன்று பரிமாணப் பொருள் தரையில் நிழலாக விழும்போது ஒரு பரிமாணத்தை இழந்து இரண்டு பரிமாண உருவமாகிறது. இழப்பு உண்டு, ஆனால் அந்த இழப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எதை இழந்தோம் என்று நமக்குத் தெரியும். எதை இழந்தோம் என்று தெரிந்துவிட்டால் அதைத் தேடவும் கூடும்.

இந்த ஒழுங்கை இந்தியக் கணிதர்கள் மிகப் பழங்காலத்திலேயே கைக்கொண்டார்கள். கி.பி. 476இல் பிறந்த ஆரியபடர் தம் 23ஆம் வயதில் இயற்றிய ஆரியபடீயத்தின் கணித பாதத்தில், சங்கு எனப்படும் செங்குத்துக் கோலையும் அதன் நிழலையும் பற்றி விதிகள் வகுத்திருக்கிறார். அவற்றுள் ஒன்று என் நெஞ்சை எப்போதும் கவர்வது. தொலைவில் ஒரு விளக்கு எரிகிறது; அதன் உயரமும் தெரியாது, தூரமும் தெரியாது; ஒரே ஒரு சங்கை நட்டு அதன் நிழலை அளந்தால் விடை கிடைக்குமா? கிடைக்காது. ஏனெனில் அருகிலுள்ள தாழ்ந்த விளக்கும் தொலைவிலுள்ள உயர்ந்த விளக்கும் அதே நிழலை வீழ்த்த முடியும். ஆனால் ஒரே உயரமுள்ள இரண்டு சங்குகளை விளக்கோடு ஒரே கோட்டில் நட்டு, இரண்டு நிழல்களையும், அவற்றின் நுனிகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அளந்துவிட்டால், விளக்கின் உயரமும் தூரமும் இரண்டும் தாமே வெளிப்பட்டுவிடும். 1150இல் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியிலும் நிழற் கணக்குகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒரு நிழல் மறைத்ததை இரண்டாவது நிழல் திறந்து காட்டும் என்ற இந்தப் பேருண்மையை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இனி நான் சொல்லப்போவன எல்லாம் இதன் விரிவே.

இந்த மலேசிய நாட்டிலும் நிழலைக் கலையாக்கிய பெருமக்கள் உண்டு. கிளந்தானின் வாயாங் கூலிட் கூத்தில், டாலாங் என்னும் கூத்துத் தலைவர் வெண்திரைக்குப் பின்னே அமர்ந்து, தோலில் செதுக்கிய பாவைகளை விளக்கொளியில் ஆட்டி, இராமகாதையை நிழலாக நடத்திக் காட்டுகிறார். இதே ஜொகூரில் சாவக வழிவந்த மக்கள் வாயாங் கூலிட் பூர்வா என்னும் கூத்தைப் பேணி வந்திருக்கிறார்கள். கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில், பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில், வரிசையாக 21 விளக்குகளை ஏற்றி, கம்பனின் செய்யுட்களைத் தமிழிலேயே ஓதி நடத்தும் தோல்பாவைக்கூத்து வழிவழியாக நடந்து வருகிறது. கடல் கடந்தும் மொழி கடந்தும் ஒரே இராமகதை நிழலாய் ஆடுகிறது.

ஆனால் அந்தப் பாவையைச் செதுக்கும் கலைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள். உயிருள்ள மனிதனை அவன் தட்டையான தோலில் அடக்க வேண்டும். எந்தப் பக்கத்தைக் காட்டுவது? எதை விடுவது? முகத்தைப் பக்கவாட்டில் காட்டினால் மூக்கின் கூர்மையும் நெற்றியின் வளைவும் துலங்கும்; மறு கன்னம் மறையும். எந்தத் திசையிலிருந்து நோக்கினால் பொருளின் குணம் மிகுதியாகத் துலங்குமோ அந்தத் திசையைத் தேர்ந்தெடுப்பதே அவனுடைய வித்தை. கணித சாஸ்திரியின் வித்தையும் அதுவே.

தேர்வு தவறினால் என்ன ஆகும்? ஓர் உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து ஒளி பாய்ச்சினால் நிழல் வட்டம். பக்கத்திலிருந்து பாய்ச்சினால் நிழல் செவ்வகம். வட்டத்தை மட்டும் கண்டவன், பொருள் ஒரு பந்து என்பான். செவ்வகத்தை மட்டும் கண்டவன், பொருள் ஒரு பெட்டி என்பான். இருவரும் கண்டது உண்மை. இருவரும் கொண்ட முடிவு பிழை. இதுவே நிழலின் இரண்டாவது விதி. ஒரு நிழலுக்குப் பல பொருள்கள் உரிமை கொண்டாடும். ஆகவே ஒரே நிழலைக் கொண்டு பொருளைத் தீர்மானிக்கலாகாது.

அன்பர்களே, இனி நாம் நான்காவது பரிமாணத்துக்குள் நுழைவோம். அஞ்ச வேண்டியதில்லை, படிப்படியாக ஏறுவோம்.

ஒரு புள்ளியை ஒரு திசையில் நகர்த்தினால் கோடு பிறக்கிறது. அந்தக் கோட்டை அதற்குச் செங்குத்தான திசையில் நகர்த்தினால் சதுரம் பிறக்கிறது. சதுரத்தை அதற்குச் செங்குத்தாக நகர்த்தினால் கனசதுரம் பிறக்கிறது. கனசதுரத்தை அதன் மூன்று திசைகளுக்கும் செங்குத்தான வேறொரு திசையில் நகர்த்தினால்? அத்தகைய திசை நம் உலகில் இல்லை என்று கண் சொல்லும். இருப்பதாகக் கொண்டு எண்ணிப் பார் என்று அறிவு சொல்லும். அறிவு சொன்னபடி எண்ணுவோம். கோட்டுக்கு முனைகள் 2, சதுரத்துக்கு 4, கனசதுரத்துக்கு 8, நான்கு பரிமாணக் கனசதுரத்துக்கு 16. விளிம்புகளை எண்ணினால் சதுரத்துக்கு 4, கனசதுரத்துக்கு 12, நான்கு பரிமாணத்ததற்கு 32. கனசதுரத்தைச் சூழ்ந்திருப்பவை 6 சதுரங்கள். நான்கு பரிமாணக் கனசதுரத்தைச் சூழ்ந்திருப்பவை 8 கனசதுரங்கள். கண்ணால் காணாத ஒரு பொருளின் மூலை முடுக்குகளை எல்லாம் இப்போது நாம் எண்ணி முடித்துவிட்டோம்!

எண்ணியாயிற்று, அதன் நிழலைக் காண்பது எப்படி? கம்பியால் செய்த கனசதுரக் கூட்டின் மேலே ஒரு விளக்கைப் பிடித்தால், தரையில் பெரிய சதுரத்துக்குள் சிறிய சதுரமும், இரண்டின் மூலைகளையும் இணைக்கும் நான்கு கோடுகளும் நிழலாக விழும். விளக்குக்கு அருகிலுள்ள முகம் பெரிதாகவும், தள்ளியுள்ள முகம் சிறிதாகவும் விழுவதே காரணம். அதே முறையில் நான்கு பரிமாணக் கனசதுரம் நம் மூன்று பரிமாண உலகில் நிழல் வீழ்த்தினால், பெரிய கனசதுரத்துக்குள் ஒரு சிறிய கனசதுரமும், மூலைகளை இணைக்கும் எட்டுக் கோடுகளும் அமையும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இடையே நசுங்கியவை போலத் தோன்றும் ஆறு: ஆக எட்டுக் கனசதுரங்களும் அந்த நிழலில் இருக்கின்றன. இடையிலுள்ள ஆறும் உண்மையில் நசுங்கியவை அல்ல. தரையில் விழுந்த நிழலில் கனசதுரத்தின் பக்கமுகங்கள் சரிவகங்களாகத் தெரிவது எத்தகையதோ, அத்தகையதே இதுவும்.

இப்போது விளக்கை நீக்கிவிட்டு, சூரியனுடையது போன்ற இணைகதிர்களை மூலைவிட்டத்தின் வழியே பாய்ச்சுவோம். இங்கேதான் கணித சாஸ்திரம் தன் அழகை முழுதும் காட்டுகிறது. பக்கம் 1 உடைய சதுரத்தின்மேல் அதன் மூலைவிட்டத்தின் வழியே ஒளி பாய்ந்தால், நிழல் ஒரு கோடு. அதன் நீளம் இரண்டின் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 1.414. நான்கு முனைகளில் இரண்டு நடுவில் ஒன்றாகக் கலக்கும். மற்ற இரண்டும் இரு கோடிகளாகும். பக்கம் 1 உடைய கனசதுரத்தின்மேல் அதன் நெடிய மூலைவிட்டத்தின் வழியே ஒளி பாய்ந்தால், நிழல் ஓர் ஒழுங்கான அறுகோணம். அதன் பரப்பு மூன்றின் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.732. எட்டு முனைகளில் இரண்டு நடுவில் கலக்கும். மற்ற ஆறும் அறுகோணத்தின் மூலைகளாகும். சதுரங்களால் ஆன பொருளுக்குள் அறுகோணம் எங்கே ஒளிந்திருந்தது? சரியான திசையிலிருந்து நோக்காதவரை அது தெரியாது.

அடுத்த படியை நீங்களே யூகித்துவிடலாம். நான்கு பரிமாணக் கனசதுரத்தின்மேல் அதன் நெடிய மூலைவிட்டத்தின் வழியே ஒளி பாய்ந்தால், நிழல் ஒரு கனவுருவம். அதன் கன அளவு நான்கின் வர்க்கமூலம், அதாவது சரியாக 2. பதினாறு முனைகளில் இரண்டு நடுவில் கலக்க, மற்றப் பதினான்கும் ஓர் அழகிய உருவத்தின் மூலைகளாகும். பன்னிரண்டு சாய்சதுர முகங்களால் மூடப்பட்ட உருவம் அது. நூறு பரிமாணக் கனசதுரமானாலும் விதி மாறாது. அதன் மிகப் பெரிய நிழலின் அளவு நூறின் வர்க்கமூலமாகிய 10. காணவே முடியாத ஓர் உலகத்துப் பொருளின் நிழல் இவ்வளவு எளிய விதிக்குக் கட்டுப்பட்டு நிற்பதைக் காணும்போது மெய்சிலிர்க்கவில்லையா?

அந்தப் பன்னிரண்டு சாய்சதுர உருவத்தை நீங்கள் கண்டதில்லை என்று எண்ணுகிறீர்களா? நவரத்தினங்களுள் ஒன்றாகிய கோமேதகம் எந்த இனத்தைச் சேர்ந்ததோ, அந்த இனத்துப் படிகங்கள் வெட்டாமல் தீட்டாமல் மண்ணிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் இந்த வடிவத்திலேயே கிடைக்கின்றன. தேனீ கட்டும் அறுகோண அறையின் அடிப்பக்கத்தை மூடுகின்ற மூன்று சாய்சதுரங்களும் இந்த உருவத்தின் ஒரு மூலையையே ஒத்திருக்கின்றன. தேனீ நான்காவது பரிமாணத்தை அறியும் என்று நான் சொல்ல வரவில்லை. நிழலாகக் கிடைத்த உருவமும், இயற்கை இடத்தை வீணாக்காமல் அடுக்கும்போது கிடைத்த உருவமும் ஒன்றாய் அமைந்தன என்பதையே சொல்லுகிறேன். அறுகோணங்கள் தளத்தை இடைவெளியின்றி நிரப்புவதுபோல, இந்த உருவங்கள் வெளியை இடைவெளியின்றி நிரப்பும்.

நிழல் திசைக்குத் திசை மாறுகிறதே, அதில் மாறாதது ஏதேனும் உண்டா என்று மாணவர்கள் கேட்கலாம். உண்டு. பள்ளமில்லாத எந்தக் கனப்பொருளை எடுத்துக்கொண்டாலும், எல்லாத் திசைகளிலும் அது வீழ்த்தும் நிழல்களின் சராசரிப் பரப்பு, அதன் மேற்பரப்பில் சரியாகக் கால் பங்கு என்று 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் கோஷி நிறுவினார். பக்கம் 1 உடைய கனசதுரத்தின் நிழல் 1க்குக் குறைவதில்லை, 1.732ஐத் தாண்டுவதில்லை, சராசரி எப்போதும் 1.5. தனித்தனி நிழல்கள் அலைபாய்கின்றன. எல்லா நிழல்களும் கூடிப் பேசும்போது பொருளின் குணம் ஒன்றை உள்ளபடியே சொல்லிவிடுகின்றன.

இத்தகைய உருவங்களை மனக்கண்ணால் காண்பதற்குப் பெரிய சர்வகலாசாலையில் பயின்றிருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். நான்கு பரிமாணத்தில் பள்ளமில்லாத ஒழுங்கான உருவங்கள் ஆறே உண்டு, அதற்கு மேலுள்ள ஒவ்வொரு பரிமாணத்திலும் மூன்றே உண்டு என்பதை சுவிட்சர்லாந்துக் கணிதர் ஷ்லேஃப்ளி 1850ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கண்டறிந்தார். அவருடைய நூல் அவர் மறைந்த பின்னர், 1901இல்தான் முழுமையாக வெளிவந்தது. அதைப்பற்றி ஏதும் அறியாமலே, அந்த ஆறு உருவங்களையும் தாமாகவே கண்டறிந்தவர் அலிசியா பூல் ஸ்டாட். 1860இல் அயர்லாந்தில் பிறந்தவர். தருக்கத்துக்குக் கணித வடிவம் தந்த ஜார்ஜ் பூலின் மகள். தந்தையை நான்கு வயதிலேயே இழந்தவர். கல்லூரி வாயிலை மிதிக்காதவர். குடும்ப நண்பராகிய ஹின்டன் மரத்தாலான சிறு கனசதுரங்களை வைத்து நான்காவது பரிமாணத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டதே அவருடைய பாடசாலை. திருமணமாகி, குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, நான்கு பரிமாண உருவங்களை நம் வெளி வெட்டிச் சென்றால் தோன்றக்கூடிய குறுக்குவெட்டு உருவங்களை ஒவ்வொன்றாக அட்டையில் செய்து ஒட்டி வைத்தார். பின்னர் ஷௌட்டே என்னும் டச்சுப் பேராசிரியருடன் இணைந்து ஆராய்ந்தார். 1914இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. கத்தரிக்கோலும் அட்டையும் பசையும், அவற்றைவிட மேலாக விடாத சிந்தனையும் அவருக்குப் போதியனவாக இருந்தன. இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பெண்குழந்தைகள் இந்தப் பெயரை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

இவையெல்லாம் கேட்பதற்கு இனிமை. ஆயினும் உலகத்துக்கு இவற்றால் பயன் உண்டா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வி. இரண்டு உதாரணங்களால் விடை சொல்லுகிறேன்.

முதலாவது, உலோகத்தில் விழுந்த நிழல். படிகங்களில் அணுக்கள் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருமாறு அடுக்கப்பட்டிருக்கும். அத்தகைய அடுக்கில் ஐந்துமடிச் சமச்சீர், அதாவது ஐந்திலொரு சுற்றுத் திருப்பினாலும் கோலம் மாறாதிருக்கும் தன்மை, வர இயலாது என்பது நிறுவப்பட்ட விதி. 1982 ஏப்ரல் 8ஆம் தேதி, டான் ஷெக்ட்மன் என்னும் விஞ்ஞானி, உருக்கி மிக விரைவாகக் குளிரச் செய்த அலுமினியம், மாங்கனீசுக் கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, பத்துப் புள்ளிகள் வட்டமாகச் சூழ்ந்த கோலத்தைக் கண்டார். இருக்கவே கூடாதது கண்முன்னே இருந்தது! அறிஞர் பலர் அதை ஏற்க மறுத்தனர். 1984இல்தான் அவருடைய கட்டுரை அச்சேறியது. 2011இல் அதற்காகவே அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த அணுக்கோலத்தின் ரகசியம் என்ன? மூன்று பரிமாணத்தில் அது திரும்ப வராத கோலம். ஆனால் ஆறு பரிமாண வெளியில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளின் அடுக்கிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, அதன் நிழலை மூன்று பரிமாணத்தில் வீழ்த்தினால் அதே கோலம் கிடைக்கிறது. இதை ஒத்ததொரு செய்தியை, கணிதர் பென்ரோஸ் கண்ட, திரும்ப வராத தரை ஓட்டுக் கோலங்கள் ஐந்து பரிமாண அடுக்கின் நிழல்களே என்பதாக, 1981இலேயே டச்சுக் கணிதர் டி புரூயின் நிறுவியிருந்தார். கீழே குழப்பமாய்த் தெரிவது மேலே ஒழுங்காய் இருக்கக்கூடும். நிழலின் சிக்கலுக்கு விடை உயர்ந்த பரிமாணத்தில் இருக்கக்கூடும்.

இரண்டாவது, மனித உடலில் விழும் நிழல். 1895இல் ரெண்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். எக்ஸ்-கதிர்ப் படம் என்பது உடலின் நிழலே. கதிர் பாயும் திசையிலுள்ள எலும்பும் சதையும் கட்டியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே தட்டில் விழுகின்றன. எது முன்னே, எது பின்னே என்பது அழிந்துவிடுகிறது. நாம் முதலிற் சொன்ன விதி இங்கே ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடுகிறது. அழிந்ததை மீட்க வழி உண்டா? உண்டு என்று 1917இலேயே ஆஸ்திரியக் கணிதர் ராடோன் நிறுவினார். ஒரு பொருளின் நிழல்களை எல்லாத் திசைகளிலும் எடுத்துவிட்டால், அவற்றைக் கொண்டு அந்தப் பொருளின் உட்புறத்தை முழுதும் மீட்டுவிடலாம் என்பது அவர் தேற்றம். ஆரியபடரின் இரண்டு சங்குகள் இங்கே எண்ணற்ற சங்குகளாகிவிட்டன.

தேற்றம் இருந்தது; நடைமுறைக்கேற்ற விரைவான கணக்குமுறை வேண்டியிருந்தது. இங்கேதான் நாம் பெருமிதத்தோடு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன், 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, நம் தோலுக்கும் எலும்புக்கும் வலிமை தரும் கொலாஜென் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய புரியென்று சென்னையிலிருந்தே உலகுக்கு அறிவித்தவர். அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்ட கட்டுரையொன்று, நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் புதிய கணக்குமுறையை வகுத்தது. ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திரும்பப் பரப்பினால் உருவம் கிடைக்கும். ஆனால் மங்கிக் கலங்கிக் கிடைக்கும். பரப்புவதற்கு முன்னே, நிழலின் ஒவ்வொரு புள்ளியிலும் அண்டைப் புள்ளிகளின் பங்கைக் குறிப்பிட்ட விகிதத்தில் கழித்துத் திருத்திவிட்டால், அந்தக் கலக்கம் நீங்கி உருவம் தெளிவாக எழும். இதுவே அவர்கள் வகுத்த வழியின் சாரம். இருவர் பெயரையும் இணைத்து ராம்-லாக் வடிப்பான் என்று அதை இன்றும் உலகெங்கும் உள்ள பாடநூல்கள் குறிக்கின்றன. அதே 1971 அக்டோபரில், லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த பொறியால் முதல் நோயாளியின் மூளை படம்பிடிக்கப்பட்டது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும், இதே கணக்கை ஆராய்ந்த கோர்மாக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். இன்று நம் உறவினர் ஒருவர் சி.டி. ஸ்கேன் பொறிக்குள் படுத்திருக்கும்போது, அவரைச் சுற்றிச் சுழலும் கருவி நூற்றுக்கணக்கான திசைகளில் அவருடைய நிழல்களை எடுக்கிறது. கத்தியின்றி, குருதியின்றி, அந்த நிழல்களே உள்ளுருவத்தை எழுப்பித் தருகின்றன. பயன் உண்டா என்று கேட்டீர்களே, இதைவிடப் பெரிய பயன் வேறென்ன வேண்டும்?

ஆகவே நிழலின் மூன்றாவது விதி இது. ஒரு நிழல் ஏமாற்றக்கூடும். பல நிழல்கள், முறையறிந்து சேர்க்கும்போது, பொருளைத் திருப்பித் தந்துவிடும்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, முடிப்பதற்கு முன் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பரிமாணம் என்பது நீளம் அகலங்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. ஒரு பொருளை முழுதும் சொல்ல எத்தனை எண்கள் தேவையோ, அத்தனை பரிமாணம் அதற்கு உண்டு. ஒரு மாணவன் ஆறு பாடங்களில் ஆறு மதிப்பெண் பெறுகிறான். அவன் ஆறு பரிமாண வெளியில் ஒரு புள்ளி. அந்த ஆறையும் கூட்டி மொத்தம் என்று ஓர் எண்ணைச் சொல்லும்போது, கணிதமுறைப்படியே, அந்தப் புள்ளியின் நிழலை ஒற்றைக் கோட்டின்மேல் வீழ்த்துகிறோம். மூன்று பாடங்களில் 90உம் மூன்று பாடங்களில் 30உம் பெற்ற குழந்தையின் மொத்தம் 360. ஆறிலும் 60 பெற்ற குழந்தையின் மொத்தமும் 360. இருவரும் வெவ்வேறு இயல்பினர். வெவ்வேறு உதவி தேவைப்படுபவர். ஆனால் நிழல் ஒன்றே. அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு ஒரு குழந்தையைக் கெட்டிக்காரன் என்றோ மந்தமானவன் என்றோ தீர்ப்புச் சொல்வது, உருளையின் ஒரு நிழலை மட்டும் கண்டு அதைப் பெட்டி என்று சாதிப்பதற்கு ஒப்பாகும். மொத்தம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அது நிழல் என்பதை மறவாதீர்கள் என்றே சொல்லுகிறேன்.

இனி இந்த ஊரில் நாம் செய்யக்கூடிய செயல் ஒன்று உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர்கள் 32 கம்பித் துண்டுகளை எடுத்து, 16 மூலைகளில் கட்டி, கனசதுரத்துக்குள் கனசதுரமாக அந்த நான்கு பரிமாண நிழலைத் தங்கள் கைகளாலேயே செய்யட்டும். செய்தபின் அதைத் திருப்பித் திருப்பி வெயிலில் பிடித்து, அந்த நிழலின் நிழலையும் தாளில் வரைந்து பார்க்கட்டும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, பெரும்பொருள் வேண்டியதில்லை, பெருநகரமும் வேண்டியதில்லை. எட்டுக் கனசதுரங்களும் எங்கே இருக்கின்றன என்று ஒரு குழந்தை தானே தேடிக் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் கணத்தில் அதன் அறிவு கண் போகாத இடத்துக்குப் போய்வந்துவிட்டது. அந்த அனுபவத்தை எந்தத் தேர்வும் அதனிடமிருந்து பறிக்க முடியாது. அடுத்த முறை அந்தக் குழந்தை தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டும்போது, மொத்தம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னே, எந்தப் பாடம் உனக்கு ஆனந்தம் தருகிறது, எந்த இடத்தில் உனக்குத் துணை வேண்டும் என்று கேளுங்கள். அவ்வாறு பல பக்கங்களிலிருந்தும் நோக்கப்பெற்று வளரும் குழந்தைகளிடையே இன்னும் ஒரு ராமச்சந்திரனும் இன்னும் ஓர் அலிசியாவும் இந்த ஜொகூர் மண்ணிலிருந்து எழுவார்கள் என்று நான் மனமார நம்புகிறேன்.